‘சகோதரரே’ என்னும் விளி: தமிழ்த் திருமறையின் உறவுப்பெயர்கள் பற்றி ஒரு திறனாய்வு

நிருபங்கள் வாசிக்கப்படும் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் தவறாது ஒலிக்கும் விளிச்சொல் ‘சகோதரரே’ என்பது. 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் இச்சொல்லைப் பவுலின் வாயில் வைத்தது. சீர்திருத்தச் சபைகளுள் பெரும்பாலானவை இன்றும் அத்திருப்புதலையே வாசிக்கின்றன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடி உழைத்து 1995ஆம் ஆண்டு வெளியிட்ட பொது மொழிபெயர்ப்போ அவ்விடங்களில் ‘சகோதரர் சகோதரிகளே’ என்று விளிக்கின்றது. இம்மாற்றத்தைக் குறித்து நம் குருமாரிடையே எழும் எதிர்ப்பு இருவகைத்து. மூலத்தில் இல்லாத சகோதரிகளைத் திருமறைக்குள் புகுத்துவது வேதத்தோடு கூட்டுவதாகும் என்பது ஒன்று. இது மேனாட்டுப் பெண்ணுரிமைப் பூசலின் எதிரொலி, தமிழுக்கு இதனால் ஆவதொன்றுமில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் மூலமொழியிலும் தமிழிலும் வைத்து உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாவது எதிர்ப்பை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதில் பாதி உண்மை உண்டு. ஆங்கிலத் திருப்புதல்களில் இப்பூசல் நடந்தது மெய்யே. 1989இல் வெளிவந்த புதிய திருத்திய தரப் பதிப்பு ‘சகோதரர்’ என்ற விளியைச் ‘சகோதரர் சகோதரிகள்’ என விரித்தது. 1997இல் அமெரிக்க நாட்டில் ‘நியூ இன்டர்நேஷனல்’ திருப்புதலை அவ்வழியில் திருத்தும் திட்டம் பெருங்கூச்சலை எழுப்பியது. அதே திருப்புதல் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மாற்றத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. எனினும் ஆங்கிலத்தின் இடர்ப்பாடு வேறு, நம்முடையது வேறு. ஆங்கிலத்தில் பால் காட்டுவது பெயர்ச்சொல்லும் ஒருமைப் பிரதிப்பெயருமே. வினைமுற்றுக்குப் பால் இல்லை. தமிழிலோ வினைமுற்றின் ஈறே ஆண், பெண், பலர் எனப் பால் காட்டிவிடும். ஆகவே ஆங்கிலேயர் ஒரு சொல்லை மாற்றி முடித்துவிடும் இடத்தில் நமக்கு வாக்கியம் முழுவதும் கேள்வியாகின்றது. அதே வேளையில் அவர்களுக்கு வாய்க்காத ஒரு வசதியும் நமக்குண்டு, அதுவே பலர்பால். அதனைப் பின்னர்க் காண்போம்.

மூலத்துக்கு வருவோம். ‘அடெல்ஃபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் உள்ளே கிடப்பது ‘டெல்ஃபுஸ்’, அதாவது கருப்பை. ஒரே கருப்பையினின்று வந்தவர் என்பது அதன் வேர்ப்பொருள். ஈறு மாறினால் அது ‘அடெல்ஃபே’, சகோதரி. பன்மையில் ‘அடெல்ஃபோய்’ என்பது ஆண்பால் வடிவமாயினும் இருபாலாரையும் தழுவும். இதற்குத் திருமறைக்கு வெளியே ஒரு சான்று காட்டினால் ஐயம் தீரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமியும், அவனுக்கு உடன்பிறந்தாளும் மனைவியுமான இரண்டாம் அர்சினோயியும் தெய்வங்களாக வழிபடப்பெற்றபோது அவர்களுக்கு வழங்கிய பட்டம் ‘தெயோய் அடெல்ஃபோய்’ என்பது. இருவரில் ஒருவர் பெண். இதனைச் ‘சகோதரர்களாகிய தெய்வங்கள்’ என்று ஒருவர் தமிழாக்கினால் அங்கே இரண்டு ஆண்கள் நிற்பர். அது மொழிபெயர்ப்பன்று, பிழை.

பவுலின் கடிதங்களுக்குள்ளேயே சான்று குறைவில்லை. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெபேயாள் தொடங்கிப் பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், ரூபின் தாய், யூலியாள், நேரேயாவின் சகோதரி எனப் பத்துப் பெண்கள் சுட்டப்படுகின்றனர். அவர்களுள் பலர் கர்த்தருக்குள் பாடுபட்டவர்கள் என்று பாராட்டும் பெறுகின்றனர். வாழ்த்துரை முடிந்த கையோடு, 17ஆம் வசனத்தில், பவுல் எழுதும் விளி ‘அடெல்ஃபோய்’. ஒரு மூச்சு முன்னர் பெயர்சொல்லி வாழ்த்திய பெண்களை மறு மூச்சில் வெளியே அனுப்பிவிட்டு ஆண்களிடம் மட்டும் பேசத் தொடங்கினாரோ? பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் இது இன்னும் தெளிவு. 4:1இல் ‘அடெல்ஃபோய்’ என்று விளித்து, 4:2இல் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் புத்தி சொல்கிறார். பாலைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் புதிய ஏற்பாடு தயங்காமல் இரண்டு சொற்களையும் எழுதும். 1 கொரிந்தியர் 7:15உம் யாக்கோபு 2:15உம் அத்தகையன. ஆகவே தனித்து நிற்கும் பன்மை விளி இருபாலாரையும் தழுவுவதே இயல்பு என்று கொள்ளலாம்.

விதிவிலக்கும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் ‘ஆந்த்ரெஸ் அடெல்ஃபோய்’ என்ற தொடர் வரும். ‘ஆண்களே’ என்ற சொல் அதில் முன்னொட்டாக நிற்கின்றது. 1:16இல் பேதுரு அவ்வாறு விளிக்கும்போது, 14ஆம் வசனத்தின்படி, பெண்களும் அக்கூட்டத்தில் உள்ளனர். அவையை விளிக்கும் மரபுத்தொடராகவே அது அங்கே நிற்கின்றது எனலாம். வேறிடங்களில் அவ்வாறு உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே எல்லா இடங்களிலும் ஒரே அச்சில் வார்ப்பது தகாது. இடந்தோறும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். இப்பணியைச் செய்யாமல் ‘மூலத்தில் சகோதரிகள் இல்லை’ என்பவர் மூலத்தைத் திறந்து பார்த்தவரல்லர்.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. 1 கொரிந்தியர் 14:26இல் சபை கூடிவரும்போது ஒவ்வொருவருக்கும் சங்கீதமோ போதகமோ வெளிப்படுத்தலோ உண்டு என்று பவுல் சொல்லுமிடத்தும் விளி ‘அடெல்ஃபோய்’ தான். அங்கே அது ஆண்களுக்கு மட்டும் உரியதென்று கேட்கப் பழகிய செவி, 11:5இல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாக எடுத்துக்கொண்டு பேசுவதைக் கவனியாமலே கடந்துவிடும். 14:34இல் மட்டும் வந்து நின்றுகொள்ளும். நம் பிரசங்கங்களில் நிகழ்ந்திருப்பது பெரும்பாலும் இதுவே.

இனித் தமிழுக்கு வருவோம். ‘சகோதரர்’ என்ற சொல்லை நாம் வடமொழியினின்று பெற்றோம். ‘ஸஹ’ என்பது உடன். ‘உதரம்’ என்பது வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தார் என்பதே பொருள். கிரேக்கச் சொல்லின் வேரும் இதுவே என்பதை நினைக்கையில், திருப்புதலாசிரியர் தேர்ந்தது மிகப் பொருத்தமான சொல் என்பதில் ஐயமில்லை. அச்சொல்லில் தாயின் வயிறு இருக்கின்றதேயன்றி மகனின் பால் இல்லை. ஈறும் தடையாகாது. ‘அர்’ என்பது பலர்பாலீறு. தொல்காப்பியரும் நன்னூலாரும் ஐம்பால் வகுத்தபோது உயர்திணைப் பன்மைக்கு ஆண், பெண் வேறுபாடு காட்டாது ஒன்றாகவே வைத்தனர். ஆங்கிலேயனுக்கு இல்லை என்று மேலே சொன்ன வசதி இதுதான். ‘நண்பர் வந்தனர்’, ‘மாணவர் எழுதினர்’, ‘அன்பர் கூடினர்’ என்னுமிடங்களில் பெண்களும் உளர் என்றே கொள்கிறோம்.

அங்ஙனமாயின் ‘சகோதரர்’ என்ற சொல் மட்டும் ஏன் சுருங்கிற்று? காரணம் இலக்கணத்தில் இல்லை, வழக்கில் உள்ளது. ஒன்று, ‘சகோதரி’ என்ற இணைச்சொல் நிலைபெற்று வழங்குவதால் மிச்சம் நிற்கும் ‘சகோதரர்’ ஆணுக்குரியதாக ஒதுங்கிவிட்டது. மற்றொன்று, ‘அர்’ ஈறு உயர்வொருமைக்கும் வழங்கத் தொடங்கியதும், ‘அவர் என் சகோதரர்’ என்றால் ஓர் ஆணையே குறிப்பதாயிற்று. உயர்வொருமையில் சுருங்கிய சொல் பன்மையிலும் சுருங்கியே கேட்கின்றது. ‘மாணவர்’ என்ற சொல்லும் இவ்வழியே நடந்துகொண்டிருக்கின்றது. ‘மாணவ மாணவியர்’ என்று நாம் விரித்துச் சொல்லத் தொடங்கியது அதனால்தான்.

பொதுச்சொல் சுருக்கப்படுவதற்கு நம் இலக்கிய மரபில் ஒரு புகழ்பெற்ற சான்றுண்டு. திருக்குறளின் 7ஆம் அதிகாரத்தைப் பலரும் ‘மக்கட்பேறு’ என வழங்குவர். ‘மக்கள்’ என்பது மகனுக்கும் மகளுக்கும் பொதுவான பன்மை. பரிமேலழகர் பதிப்பிலோ அவ்வதிகாரத்தின் பெயர் ‘புதல்வரைப் பெறுதல்’. அதன் முதற்குறளுக்கு உரை வகுக்குமிடத்து, ‘அறிவறிந்த’ என்ற அடைமொழி வந்தமையால் ‘மக்கள்’ என்னும் பெயர் இங்கே பெண்ணை ஒழித்து நின்றது என்று அவர் எழுதுகின்றார். அடைமொழி அறிவைக் கூறுகின்றது. ஆகவே பெண் விலக்கப்படுகின்றாள்! வள்ளுவர் திறந்து வைத்த சொல்லை உரையாசிரியர் பூட்டிவிட்டார். அவர் கையில் இருந்தது இலக்கண விதியன்று, பெண்ணுக்கு அறிவு உரித்தன்று என்னும் அவர் காலத்து எண்ணமே. பரிமேலழகரின் புலமையை யாரும் குறைத்து மதிப்பிடார். அத்துணைப் பெரும்புலவருக்கே இது நேர்ந்ததென்றால், மறையுரைக்குச் சனிக்கிழமை இரவில் ஆயத்தம் செய்யும் நமக்கு நேராதோ?

‘பிள்ளை’ என்ற சொல்லுக்கும் இதே கதி. அது பொதுச்சொல்லே, ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என இருவகையும் உண்டு. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பெண்ணை அன்போடு ‘பிள்ளை’ என்றே அழைப்பர். ஆயினும் ‘ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும்’ என்று தம் குடும்பத்தைச் சொல்பவரும், ‘பெண் வீட்டார், பிள்ளை வீட்டார்’ என்று திருமணத்தில் பிரிப்பவரும் நம்மிடையே உளர். பொதுச்சொல் எங்கே சுருங்கினாலும் ஒரு பக்கமாகவே சுருங்குகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

இப்பின்னணியில் ஐக்கியத் திருப்புதலை எடைபோடுவோம். அத்திருப்புதலாசிரியரைப் பெண்ணை ஒதுக்கியவர் என்று பழிப்பது முறையன்று. அவர்கள் மூலத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள். கிரேக்கத்தில் ‘ஹுயொய்’ (புதல்வர்) என்றும் ‘டெக்னா’ (பிள்ளைகள்) என்றும் இரு சொற்கள் உள்ளன. முன்னதைப் ‘புத்திரர்’ என்றும் பின்னதைப் ‘பிள்ளைகள்’ என்றும் வேறுபடுத்தி எழுதினர். யோவான் 1:12இல் மூலம் ‘டெக்னா’. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் அங்கே ‘புதல்வர்’ என்று பெயர்த்துவிட்டது. நம்மவரோ ‘பிள்ளைகள்’ என்றே சரியாக எழுதினர். மத்தேயு 5:9இல் மூலம் ‘ஹுயொய்’. ஆங்கிலத் திருப்புதலும் லூத்தரின் ஜெர்மன் திருப்புதலும் அங்கே ‘பிள்ளைகள்’ என்று பொதுவாக்கின. நம்மவர் ‘புத்திரர்’ என்று சொல்லுக்குச் சொல் நின்றனர். இருபாற்பொதுச் சொல்லைப் பெய்வது அண்மைக்காலத்து நாகரிகம் என்பார் இதனைச் சிந்திக்கட்டும். லூத்தர் 16ஆம் நூற்றாண்டிலேயே அதைச் செய்தார். எந்தப் பெண்ணுரிமை இயக்கமும் அவரை நெருக்கவில்லை.

சொல்லுக்குச் சொல் நிற்கும் நேர்மைக்கு ஒரு விலை உண்டு. ‘இஸ்ரவேல் புத்திரர்’ என்று பழைய ஏற்பாடு நெடுகிலும் வாசித்துப் பழகியவர்க்குச் செங்கடலைக் கடந்தவர்களெல்லாம் ஆண்களாகத் தோன்றுவர். மிரியாம் தம்புரெடுத்து ஆடும்போதுதான் பெண்களும் கடந்தனர் என்பது நினைவுக்கு வரும். பொது மொழிபெயர்ப்பு ‘இஸ்ரயேல் மக்கள்’ என்று எழுதியது இவ்விடத்து நன்று. ஆனால் அதே ‘மக்கள்’ என்ற சொல்லை மத்தேயு 5:9இலும் உரோமர் 8:14இலும் பெய்தபோது வேறொரு குறை புகுந்தது. இக்காலத் தமிழில் ‘மக்கள்’ என்றால் குடிமக்கள், பொதுமக்கள் என்ற பொருளே முன்வந்து நிற்கும். ‘கடவுளின் மக்கள்’ என்று கேட்பவர், 1 பேதுரு 2:10இல் சொல்லப்படும் இறைமக்களை, அஃதாவது ‘லாவொஸ்’ என்ற சொல்லின் பொருளை, எண்ணுவரேயன்றித் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளை எண்ணமாட்டார். பாலைக் கடக்கப்போய் உறவையே தொலைத்துவிட்டோம். வள்ளுவர் காலத்து ‘மக்கள்’ இன்று நமக்குக் கிடைக்குமாயின் அதனினும் சிறந்த சொல் வேறில்லை. கிடைக்கவில்லை என்பதே உண்மை.

உரோமர் 8, கலாத்தியர் 3, 4 ஆகிய அதிகாரங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ‘ஹுயொதெசியா’ என்ற சொல்லை ஐக்கியத் திருப்புதல் ‘புத்திர சுவிகாரம்’ என்றது. அது சட்டச்சொல். உரோமர் வழக்கில் சுவிகாரம் பெரும்பாலும் குடிப்பெயரும் சொத்தும் தொடர்வதற்காக ஓர் ஆணை மகனாக ஏற்பது. இந்து சட்டத்திலும் 1956ஆம் ஆண்டின் சுவிகாரச் சட்டம் வரும்வரை பொதுவாக மகனையே சுவிகாரம் எடுக்க முடிந்தது. அச்சட்டமே மகளையும் எடுக்கலாம் என்று நாடு முழுவதற்கும் விதித்தது. ஆகவே பவுல் கலாத்தியர் 3:26இல் எல்லாரையும் ‘ஹுயொய்’ என்று சொல்லி, இரண்டு வசனம் கழித்து ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று சொல்லும்போது, மகனுக்கு மட்டும் உரியதாயிருந்த உரிமைப்பங்கைப் பெண்ணுக்கும் அடிமைக்கும் எழுதிக்கொடுக்கிறார். 4:7இல் ‘புத்திரன்’ என்ற சொல்லை ‘சுதந்தரன்’ என்ற சொல் தொடர்வது அதனாலேயே. இங்கே வெறுமனே ‘பிள்ளைகள்’ என்று பெயர்த்தால் பாசம் கிடைக்கும், பத்திரம் கிடைக்காது.

பத்திரம் என்று சொன்னது உவமைக்காகவன்று. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால், சில பிரிவினர் நீங்கலாக, மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்குச் செல்லும் என்று தீர்ப்பளித்த பின்னரே மகளுக்குச் சம பங்கு உறுதியாயிற்று. கலாத்தியர் நிருபத்தை வாசித்துக்கொண்டே எழுபது ஆண்டுகள் அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. ‘புத்திரர்’ என்ற சொல்லைத் தன் வீட்டு மகளுக்கும் உரியதாக அவர்களுள் எத்தனை பேர் கேட்டனர்?

இவ்விடங்களுக்குப் ‘புதல்வர் புதல்வியர்’ என்று விரித்து எழுதுவதே தக்கது என்பது என் கருத்து. உரிமையும் நிற்கும், பெண்ணும் நிற்பாள். இது துணிகரம் என்று கருதுவார்க்குப் பவுலையே சான்றாகக் காட்டலாம். 2 சாமுவேல் 7:14இல் தாவீதின் சந்ததியைப் பற்றிய வாக்குத்தத்தம் ‘குமாரன்’ என்ற ஒருமையில் உள்ளது. அதனை 2 கொரிந்தியர் 6:18இல் சபைக்குப் பொருத்துகையில் அப்போஸ்தலர் ‘குமாரரும் குமாரத்திகளும்’ என்று விரித்துவிடுகிறார். ஏசாயா 43:6இன் எதிரொலியும் அதில் கேட்கலாம். எப்படியாயினும், சகோதரிகளைப் புகுத்தினார் என்று நம் மொழிபெயர்ப்பாளரைக் குற்றஞ்சாட்டுவோர் முதலில் குமாரத்திகளைப் புகுத்திய அப்போஸ்தலரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

விளிக்குத் திரும்புவோம். ‘சகோதரர் சகோதரிகளே’ என்ற பொது மொழிபெயர்ப்பின் தொடரைக் கருத்தளவில் ஏற்கிறேன். அதன் வடிவம் செவிக்கு உகந்ததாக இல்லை. இணைத்துச் சொல்வது தமிழின் தொன்மையான வழி. தாய்தந்தையர், அண்ணன்தம்பியர், அக்காள்தங்கையர் என்பனவெல்லாம் உம்மைத்தொகைகள். உயர்திணை உம்மைத்தொகை பலர்பாலீறு பெறும் என்பது நன்னூல் விதி. ‘கபிலபரணர்’ என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. அவ்விதிப்படி ‘சகோதர சகோதரியரே’ என்பது செம்மையான வடிவம். ஒரே மூச்சில் சொல்ல வருவதோடு, முன்னே ஒருவரையும் பின்னே ஒருவரையும் வரிசையில் நிறுத்தாமல் ஒரே சொல்லாகச் சேர்த்துவிடுகின்றது. பொருளுரைக்கும் இடங்களில், விளியல்லாதபோது, ‘உடன்பிறந்தோர்’ போதும்.

‘உடன்பிறப்பு’ என்ற சொல்லை ஏன் எடுத்தாளக் கூடாது என்று மாணவர் கேட்பதுண்டு. பால் வேறுபாடற்ற சொல்தான்; பிறப்பு என்ற தொழிற்பெயர் ஆகுபெயராய் நிற்பதால் ஆண்பாலீறோ பெண்பாலீறோ இல்லை. ஆனால் சொற்களுக்கு வரலாறு உண்டு. அண்ணாதுரை தம் கட்சியினர்க்குத் ‘தம்பி’ என விளித்துக் கடிதங்கள் எழுதினார். கருணாநிதி ‘உடன்பிறப்பே’ என்று விளித்து ‘முரசொலி’யில் ஆண்டாண்டுகளாக எழுதினார். முன்னது இளைய ஆணுக்குரியது. பின்னது இருபாலாரையும் மூத்தோரையும் இளையோரையும் ஒருங்கே தழுவுவது. ஓர் அரசியல் இயக்கம் தன் விளியை விரித்துக்கொண்ட வகையில் இது சபை கற்கத்தக்க பாடமே. ஆயினும் அச்சொல்லைப் பலிபீடத்தருகே நின்று உரைத்தால் மேடை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது. இன்னும் ஒரு தலைமுறை கழியட்டும். இதற்கிடையே இளைஞர் தமக்குள் ‘சகோ’ என்று சுருக்கி ஆணையும் பெண்ணையும் ஒருங்கே அழைக்கத் தொடங்கிவிட்டனர். வழிபாட்டுக்கு ஆகாதெனினும், தேவை எழுந்தால் மொழி தானே வழி தேடிக்கொள்ளும் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

தமிழ் உறவுமுறைகளில் பாலோடு பிரியாமல் பின்னியிருப்பது மூப்பு. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்ற நான்கு சொற்களில் எதைச் சொன்னாலும் ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்ற இரண்டையும் சொல்லியாக வேண்டும். ‘அடெல்ஃபோஸ்’ என்ற சொல்லில் மூப்பு இல்லை. பிலேமோன் 16ஆம் வசனத்தில் ஒநேசிமுவை அடிமையாகவன்றிப் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் எழுதுகிறார். அங்கே ‘தம்பி’ என்று பெயர்த்தால் எசமானன் அண்ணனாகித் தன் இடத்தில் இருந்துகொள்வான். ‘சகோதரன்’ என்பதோ வயதையும் வரிசையையும் தள்ளி இருவரையும் ஒரே வயிற்றில் கிடத்துகின்றது. வடமொழிச் சொல் என்று அதனைத் தள்ளிவிடுவோர் இந்நன்மையையும் எண்ணுக. அதே சமயம் சொல்லால் எல்லாம் ஆகிவிடும் என்றும் மயங்க வேண்டா. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை விலக்க ஆணையிட்டபோது எத்தனை சபைகள் பிளந்து நின்றன என்பதை வரலாறு படித்தோர் அறிவர். ‘சகோதரர்’ என்ற சொல் அப்போதும் அவர்கள் வேதத்தில் இருந்தது.

வினைமுற்றின் சிக்கலுக்கு மாற்கு 3:35 ஒன்றே போதிய எடுத்துக்காட்டு. தேவ சித்தம் செய்யும் யாரும் தமக்குச் சகோதரனும் சகோதரியும் தாயும் என்று இயேசு சொல்கிறார். உண்மையில் தேடி வந்தவர்கள் தாயும் சகோதரரும் என்றே 31ஆம் வசனம் தொடங்குகின்றது. இயேசுவின் மறுமொழியில் சகோதரிக்கும் தனியே இடம் கிடைக்கின்றது; தந்தையைப் பற்றிய பேச்சு இல்லை. பால் விரிவு பேசுவோர்க்கு இதைவிடச் சிறந்த வசனம் வேண்டுமோ? ஐக்கியத் திருப்புதலிலோ ‘செய்கிறவன்’, ‘அவனே’ என்று எழுவாய் ஆண்பாலாக நின்று, ‘இருக்கிறான்’ என்றே வாக்கியம் முடிகின்றது. சகோதரியும் தாயும் ஆண்பால் வினைமுற்றுக்குள் அடங்குகின்றனர்! கிரேக்கத்திலும் பிரதிப்பெயர் ஆண்பாலே. ஆனால் அங்கு வினைக்குப் பால் இல்லையாதலால் முரண் இத்துணை உறுத்துவதில்லை. பொது மொழிபெயர்ப்பு ‘நிறைவேற்றுபவர்’, ‘ஆவார்’ என்று உயர்வொருமையால் இதனைத் தீர்த்தது. எளிய, அழகிய தீர்வு.

ஆனால் உயர்வொருமை வெறும் பொதுப்பாலன்று. மரியாதையும் அதனுடன் வருகின்றது. ஐக்கியத் திருப்புதலில் இயேசு ‘அவர்’, பேதுருவும் பவுலும் ‘அவன்’, மரியாள் ‘அவள்’. அந்நடையில் வளர்ந்த செவிக்கு ‘அவர்’ என்ற ஒரு சொல்லே கிறிஸ்துவை அறிவித்துவிடும். எல்லாரும் ‘அவர்’ ஆனபின் அக்குறிப்பு மங்கிவிட்டது. இது இழப்பே. எனினும் சாலையோரத்து மனிதனையும் கிணற்றடிப் பெண்ணையும் ‘அவர்’ என்று சொல்லக் கற்பது, ஊரில் யாரை ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்லலாம் என்பது பிறப்பைக்கொண்டு தீர்மானிக்கப்பட்ட நாட்டில், அந்த இழப்புக்கு ஈடாகும் என்று கருதுகிறேன்.

இறைவனையே குறிக்கும் உறவுப்பெயர் தனிக் கட்டுரைக்குரியது. ஒன்று மட்டும் சொல்லி அமைகிறேன். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தெயோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் அமைத்த வழிபாட்டில் இறைவனைப் ‘பெத்தவரே’ என்று விளித்தார். பெறுதல் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவினை; ‘பெற்றோர்’ என்பது அதனாலேயே இருவர்க்கும் பொது. அதனை உயர்வொருமையில் பேச்சுவழக்காக்கியபோது, சைவர் ‘அம்மையப்பன்’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வதினும் எளிமையான ஒரு சொல் வாய்த்தது. கூலிக்காரப் பெண்ணும் கல்லூரிப் பேராசிரியரும் ஒருங்கே சொல்லத்தக்கது. ‘அப்பா’ என்று இயேசு அழைத்த சொல்லை இது நீக்கிவிடுமே என்பது நியாயமான அச்சம். நீக்கத்தான் வேண்டுமென்பதில்லை, உபாகமம் 32:18உம் ஏசாயா 66:13உம் உள்ள திருமறையில் இரண்டுக்கும் இடமுண்டு.

சபை வழக்கிலும் இத்தகைய நெருக்கடிகள் எழுந்துள்ளன. தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெற்று வருகின்றனர். 2013இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். நம் ஊர்களில் குருவானவர் ‘ஐயர்’, அவர் மனைவி ‘ஐயரம்மா’. குருவானவரே பெண்ணாக வரும்போது அவரையும் ‘ஐயரம்மா’ என்றால் பட்டம் பெற்றவர் இன்னொருவரின் மனைவியாக ஒலிக்கிறார். ‘ஆயர்’, ‘பேராயர்’ என்பன இருபாலார்க்கும் இடமளிக்கும் சொற்கள். அவற்றோடு ‘அம்மா’ சேர்க்காமலே நிறுத்தப் பழகுதல் வேண்டும்.

வேதத்தைத் திருத்துகிறார்கள் என்ற முதல் எதிர்ப்புக்கு, நாம் மிகவும் மதிக்கும் பழைய திருப்புதலினின்றே ஒரு மறுமொழி உண்டு. எபிரெயர் 11:23இல் மோசேயை மூன்று மாதம் ஒளித்து வைத்தோரைக் கிரேக்க மூலம் ‘பாத்தெரெஸ்’ என்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பிதாக்கள்’. ஐக்கியத் திருப்புதலாசிரியர் அவ்வாறு எழுதவில்லை. ‘தாய்தகப்பன்மார்’ என்று எழுதினர். யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தில் பிள்ளையை ஒளித்தவள் தாய் என்பதை அவர்கள் அறிவர். 1871லேயே பொருளை நோக்கித் தாயைச் சேர்த்தவர்களை வேதத்தோடு கூட்டியவர்கள் என்று எவரும் சொன்னதில்லை.

அங்ஙனமாயின் எபேசியர் 6:4இல், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்னும் கட்டளையில், அதே ‘பாத்தெரெஸ்’ வரும்போதும் ‘பெற்றோரே’ என்று பெயர்க்கலாமே எனச் சிலர் கருதுகின்றனர். சொல் இடங்கொடுக்கும். இடம் கொடாது என்றே நான் எண்ணுகிறேன். முதல் வசனத்தில் ‘பெற்றோர்’ என்பதற்குரிய தனிச்சொல்லை எழுதிய ஆசிரியர், இரண்டாம் வசனத்தில் தகப்பனையும் தாயையும் பெயரிட்டுச் சொன்ன ஆசிரியர், நான்காம் வசனத்தில் சொல்லை மாற்றுகிறார். உரோம வீட்டில் பிள்ளையின்மேல் முழு அதிகாரம் பெற்றிருந்தவன் தந்தை. தாய்க்கு அவ்வதிகாரம் இல்லை. கட்டளை அவ்வதிகாரத்துக்கு இடப்படும் கடிவாளம். அதனைப் பொதுவாக்கினால் தந்தையின் கையிலுள்ள கோலில் பாதியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, குற்றத்தையும் பாதியாகப் பங்கிட்டதாக முடியும். அவ்வசனத்திலும் கொலோசெயர் 3:21இலும் ‘தந்தையரே’ என்றே நிற்கட்டும்.